சுருக்கிய வீடியோவும் டிவிடி இறுவட்டும்

"பாதர், இதில பிள்ளையின்ர முகம் மட்டும் தெரியேல்லை. மற்றதெல்லாம் ஒரு மாதிரித் தெரியுது."

சில மாதங்களுக்கு முன்னர் எமது அலுவலகத்துக்கு வந்த ஒரு முதிய கமக்காரர் இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு டிவிடி இறுவட்டை மேசையில் வைத்தார். அவருடைய மூத்த மகளின் கலியாணம் 2004 ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், வன்னியில் அவர்களுடைய சொந்த வளவில் நடந்தது. அந்த வீடியோவைப் பட்டினத்தில் ஒரு கடையில் காசு கொடுத்து டிவிடியாக மாற்றுவித்திருந்தார். மீள்குடியேறியபோது வளவு திரும்பக் கிடைத்தது. வீடு இருக்கவில்லை, மாட்டுக் கொட்டில் இருக்கவில்லை, சூடு வைத்த களத்தில் பற்றை நின்றது. அந்த வீடியோவில் பந்திக்குப் பந்தி கறி வாளியோடு ஓடித் திரியும் இளைய மகன் 2009 இற்குப் பின்னர் வீடு திரும்பவில்லை. அவன் நடப்பதையும் சிரிப்பதையும் பார்ப்பதற்கு அவர்களிடம் இதைவிட வேறொன்றும் இல்லை.

இறுவட்டைப் போட்டுப் பார்த்தோம். பந்தல் தெரிந்தது. வாழை தெரிந்தது. மணமக்கள் அசையாமல் இருக்கும் வரை அவர்களும் ஓரளவு தெரிந்தார்கள். மகன் வாளியோடு கமராவுக்குக் குறுக்கே வந்ததும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிறு சிறு சதுரங்கள் நின்றன. ஐயா முறையிட்டபோது கடைக்காரர் அதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் போட்டுத் 'தெளிவாக்கி' இரண்டாவது இறுவட்டு ஒன்றும் கொடுத்திருந்தார். அதில் முகம் தெளிவாகவே இருந்தது. கண், மூக்கு, பல்வரிசை எல்லாம் இருந்தன. தாய் அதைப் பார்த்துவிட்டு, "இது வேற ஆற்றையோ பிள்ளை" என்று சொல்லி எழுந்து போய்விட்டாராம்.

வாசகர்களே, உங்களில் பலருடைய வீடுகளிலும் இப்படியான வீடியோக்கள் இருக்கின்றன. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, வீடு குடிபுகுந்த நாள். ஒளிநாடாக்களும் மூல இறுவட்டுகளும் இடப்பெயர்வுகளில் போய்விட, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய சிறிய கோப்பு ஒன்றுதான் கைத்தொலைபேசியிலோ பென்ட்ரைவிலோ மிஞ்சியிருக்கும். வயதானவர்களுக்கு அதை டிவிடியாக மாற்றிக் கொடுப்பது வசதி. இறுவட்டைப் போட்டு ஒரு பொத்தானை அமத்தினால் போதும். அப்படி மாற்றும்போது தரம் எங்கே போகின்றது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதை ஐயாவின் இறுவட்டை வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

நெல்லும் அரிசியும்

முதலில் ஒரு கணக்கு. எமது நாட்டுத் தொலைக்காட்சி முறைக்குப் 'பால்' என்று பெயர். குடிக்கும் பாலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த முறைப்படி டிவிடியில் ஒரு படம் அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 576 புள்ளிகளும் கொண்டது. செக்கனுக்கு 25 படங்கள் ஓடும். இதை ஒன்றும் விடாமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 75 கிகாபைற் இடம் வேண்டும். சாதாரண டிவிடி ஒன்றில் கிடைப்பது 4.7 கிகாபைற். ஆகவே டிவிடியும் சுருக்கிய வடிவந்தான். எம்பெக்-2 என்ற முறையில் அது சுருக்கப்படுகின்றது. சுருக்காத, முழுமையான படம் டிவிடியில் இருக்கின்றது என்று நினைப்பது பிழை.

சுருக்கும் மென்பொருள் முக்கியமாக இரண்டு வேலைகளைச் செய்கின்றது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல் விடுகின்றது. பந்தலும் பின்னாலுள்ள சுவரும் அசைவதில்லை. அவற்றை ஒரு தடவை எழுதிவிட்டு, எது எந்தப் பக்கம் அசைந்தது என்பதை மாத்திரம் குறித்துக்கொள்ளும். மற்றது, படத்தை 8 புள்ளிக்கு 8 புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்து, கண் அவ்வளவாகக் கவனிக்காத நுண்ணிய விபரங்களை ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் கழித்துவிடும். கொடுத்த இடம் போதாவிட்டால் மேலும் மேலும் கழிக்கும். கடைசியில் சதுரத்தின் விளிம்பே வெளியில் தெரியும். ஐயாவின் மகனுடைய முகத்தில் நின்றவை அந்தச் சதுரங்கள்தான்.

அசைவு கூடினால் சங்கடமும் கூடும். ஓமப்புகை, அறுகரிசி தூவும் நேரம், மழை, குளத்து அலை எல்லாம் சுருக்குவதற்குக் கடினமானவை. காற்றில் அலையும் நெல்வயல் அவற்றிலும் கடினம். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பக்கம் ஆடும்போது முந்திய படத்திலிருந்து கடன் வாங்குவதற்கு ஒன்றும் இராது. பழைய வயலை வீடியோவில் பார்த்த ஒருவர், "பச்சைக் களி பூசின மாதிரிக் கிடக்கு" என்று என்னிடம் குறைப்பட்டார். வீடியோ எடுத்தவரின் கையில் பிழையில்லை. அந்த வயலை எழுதுவதற்குக் கோப்பில் இடம் இருக்கவில்லை.

நெல்லைக் குற்றி உமியும் தவிடும் போனபின் அரிசியை மறுபடியும் நெல்லாக்க முடியாது. அதே அரிசியை இன்னொருமுறை மில்லில் கொடுத்தால் குறுணல்தான் வரும். சுருக்கிய வீடியோவை வேறொரு வடிவத்துக்கு மாற்றும்போதும் இதுதான் நடக்கின்றது. கணனி அதை விரித்து, புதிதாகச் சுருக்குகின்றது. ஒவ்வொரு தடவையும் ஏதோ கழிகின்றது. அதிலும் ஒரு கொடுமை, முந்திய சுருக்கலில் வந்த சதுரங்களையும் அது படத்தின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டு, அவற்றைக் காப்பாற்றுவதற்கு இடத்தைச் செலவழிக்கும்.

எமது மக்கள் ஏமாறுகின்ற இடம் கோப்பின் அளவு. இரண்டு மணி நேர எக்ஸ்விட் கோப்பு ஒன்று 700 மெகாபைற் இருக்கும். அதை டிவிடியாக்கினால் 4,000 மெகாபைற்றுக்கு மேல் வரும். "பாருங்கோ, எவ்வளவு பெருப்பிச்சுத் தந்திருக்கிறம்" என்று கடையில் சொன்னால் சந்தோசமாகத்தான் இருக்கும். எம்பெக்-2 என்பது 1990களின் நடுப்பகுதியில் வந்த முறை. பின்னால் வந்த முறைகள் அதே படத்தை அதைவிடக் குறைந்த இடத்தில் வைக்கக் கூடியவை. பழைய முறைக்கு மாற்றும்போது இடம் கூடத் தேவைப்படுகின்றது, அவ்வளவுதான். ஒடியலை ஊறப்போட்டால் பருக்கும், பச்சைக் கிழங்காகிவிடாது.

மேற்பிரதியைத் தேடுங்கள்

ஐயாவின் இறுவட்டு எந்த வழியால் வந்தது என்று விசாரித்தோம். கலியாணத்தை எடுத்த படப்பிடிப்பாளர் கமரா நாடாவிலிருந்து இரண்டு விசிடிகளில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அது முதலாவது சுருக்கல். அதில் ஒரு சோடியை ஐயாவின் தங்கை பிரான்சுக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே உறவுக்காரப் பொடியன் ஒருவன் கணனியில் வைத்திருப்பதற்காக அவற்றை 150 மெகாபைற் கோப்பு ஒன்றாக்கியிருக்கிறான். அது இரண்டாவது. அந்தக் கோப்பு வட்ஸ்அப்பில் இங்கே வந்தது. அது மூன்றாவது. கடையில் டிவிடியாக்கியது நான்காவது. செயற்கை நுண்ணறிவு வேலையையும் சேர்த்தால் ஐந்து.

இதில் வட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். அதே கோப்பை 'டொக்கியுமென்ற்' என்ற தெரிவில் இணைத்தால் ஒரு புள்ளியும் மாறாமல் வந்து சேரும். 2 கிகாபைற் வரை இப்படி அனுப்பலாம். இதை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்தி வையுங்கள்.

ஆகவே எந்தக் கடைக்கும் போக முன்னர், எந்த மென்பொருளையும் திறக்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இதுக்கு முன்னம் இது எதில இருந்தது?" கோப்பை அனுப்பியவரைக் கேளுங்கள். அவருக்குக் கொடுத்தவரைக் கேளுங்கள். கலியாணத்துக்கு வந்தவர்களில் வேறு யாரும் பிரதி வாங்கினார்களா என்று விசாரியுங்கள். இதற்குக் காசு செலவில்லை. படத்தின் தரத்துக்கு இதைப்போல உதவும் வேறொன்றும் இல்லை.

ஐயாவின் தங்கையைத் தொலைபேசியில் பிடித்தோம். "அந்தச் சீடீ ரண்டும் சூட்கேசுக்குள்ள கிடக்கு அண்ணை. போட்டுப் பாக்க மெசின் இல்லாததால எடுக்கேல்லை" என்றார். ஐயா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போதைய மடிக்கணனிகளில் இறுவட்டுப் போடும் இடம் இருப்பதில்லை. யூஎஸ்பி வயரில் கொழுவும் சிறிய கருவி ஒன்றை இரவல் வாங்கி, இரண்டு விசிடிகளிலும் இருந்த 'டாட்' கோப்புகளை அப்படியே பென்ட்ரைவுக்கு எடுக்கச் சொன்னோம். மாற்ற வேண்டாம், பெயரைக்கூட மாற்ற வேண்டாம் என்றோம். விசிடியில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 10 மெகாபைற். இரண்டும் சேர்ந்து 110 நிமிடம், 1,150 மெகாபைற் வந்தது. ஊருக்கு வந்த ஒருவரின் கையில் அது வந்து சேர்ந்தது.

விசிடியின் படம் சிறியது. 352 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். எம்பெக்-1 என்ற முறையில், செக்கனுக்கு 1,150 கிலோபிற் கணக்கில் சுருக்கப்பட்டது. பெரிய தரம் என்று சொல்ல முடியாது. ஆனால் டிவிடி விதிகள் அந்தச் சிறிய படத்தை அதே எம்பெக்-1 முறையிலேயே ஏற்றுக்கொள்கின்றன. அதனால் படத்தை விரித்துச் சுருக்கத் தேவையில்லை; உள்ளபடியே எடுத்து டிவிடிக்குள் வைக்கலாம். ஒலியை மாத்திரம் மாற்ற வேண்டும். விசிடியின் ஒலி செக்கனுக்கு 44,100 மாதிரிகள், டிவிடி கேட்பது 48,000. 'தரம் குறையாமல் மாற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது எழுத்துக்கு எழுத்து உண்மையாவது இப்படியான சந்தர்ப்பத்தில்தான். டிவிடி அளவுக்கே எம்பெக்-2 முறையில் பதியும் கமராக்களிலிருந்து வந்த கோப்புகளுக்கும் இது பொருந்தும். மென்பொருளில் படத்துக்குக் 'கொப்பி' என்ற தெரிவு இருக்கின்றதா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் டிவிடி ஸ்ரைலர் என்ற மென்பொருளில் அது உண்டு.

விசிடிகளை அப்படியே பிரதி பண்ணிக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். பல டிவிடி பெட்டிகள் விசிடியையும் வாசிக்கும் என்பது உண்மை. ஆனால் ஐயாவின் மனைவிக்குப் பார்வை குறைவு. நடுவில் எழுந்து இறுவட்டு மாற்றுவது அவருக்குக் கரைச்சல். ஒரே டிவிடியில் இரண்டும் அடங்கி, பாதிக்கு மேல் இடம் மிச்சமும் இருந்தது. மிச்ச இடத்தை நிரப்புவதற்காகப் படத்தைப் பெருப்பிக்கவில்லை.

தாய் ஏற்றுக்கொள்ளாத முகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தெளிவாக்கும் மென்பொருட்கள் ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியவை. விபரம் இல்லாத இடத்தில், இப்படித்தான் இருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. மரத்துக்கும் சுவருக்கும் அது பரவாயில்லை. இறந்தவர்களின் முகத்திலும் காணாமற்போனவர்களின் முகத்திலும் அதைச் செய்விக்க வேண்டாம் என்பது என் எண்ணம். செய்வித்திருந்தால், அந்தப் படத்தை அச்சடித்து எந்த விண்ணப்பத்தோடும் விசாரணைக்கோ அடையாளத்துக்கோ கொடுக்காதீர்கள். அது உங்களுடைய பிள்ளையின் படம் அல்ல.

மேற்பிரதி கிடைக்காவிட்டால்

எல்லோருக்கும் சூட்கேசுக்குள் விசிடி கிடைக்காது. கையிலுள்ள கோப்பைத்தான் மாற்ற வேண்டும் என்றால், ஒரு தடவை மாத்திரம் மாற்றுங்கள். முதலில் ஒரு மென்பொருளில் வெட்டி, அதை இன்னொன்றில் சேர்த்து, மூன்றாவதில் டிவிடியாக்கினால் மூன்று தடவை மில்லுக்குப் போனது போலத்தான்.

அடுத்தது, அதற்குப் போதிய இடம் கொடுப்பது. இதற்கு மனதில் வைத்திருக்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. 600 ஐ வீடியோவின் நிமிடங்களால் வகுத்தால், செக்கனுக்கு எத்தனை மெகாபிற் கொடுக்கலாம் என்பது வரும். 100 நிமிடம் என்றால் 6. இரண்டு மணி நேரம் என்றால் 5. மூன்று மணி நேரம் என்றால் 3.3. இது படமும் ஒலியும் சேர்ந்த கணக்கு, ஒலிக்கு 0.2 கழித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 10 என்று வரும், ஆனால் டிவிடி விதியில் படத்துக்கு உச்ச அளவு 9.8. வீட்டில் எழுதிய இறுவட்டுகளில் 8 இற்கு மேல் போனால் சில பெட்டிகள் இடையிடையே தடக்கி நிற்கும். ஆகவே 8 உடன் நிறுத்துவது புத்தி. கலியாணமும் நாலாம் சடங்கும் ஒரே இறுவட்டில் அடங்க வேண்டும் என்று நாலு மணி நேரத்தைத் திணிப்பதிலும் பார்க்க இரண்டு இறுவட்டு எடுப்பது மேல்.

மென்பொருள் 'மாறும் அளவு', 'இரண்டு தடவை' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். முதல் தடவை அது வீடியோ முழுவதையும் பார்த்துக்கொண்டு போகும். எங்கே அசைவு அதிகம், எங்கே மணமக்கள் சும்மா இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவை தேவையான இடத்துக்குக் கூடவும் மற்ற இடத்துக்குக் குறைவாகவும் கொடுக்கும். வாய்க்கால் தண்ணீரை மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் ஒரே நேரக் கணக்கில் திறந்துவிடுவதில்லை அல்லவா? நேரம் இரண்டு மடங்கு எடுக்கும். இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம்.

கோப்பிலுள்ள படம் சிறியதென்றால் அதை 720 புள்ளிக்கு இழுக்க வேண்டாம். டிவிடியில் 352 புள்ளி அகலப் படத்துக்கும் இடமுண்டு. பெருப்பிக்கும் வேலையை டிவிடி பெட்டி பார்த்துக்கொள்ளும். சிறிய படத்துக்கு அதே இடத்தைக் கொடுத்தால் சதுரங்கள் குறையும்.

கனடாவிலிருந்து வரும் வீடியோக்களும் கைத்தொலைபேசியில் எடுத்தவையும் பெரும்பாலும் செக்கனுக்கு 30 படக் கணக்கில் இருக்கும். அதை 25 ஆக்கினால் நடை துள்ளும். எமது கடைகளில் விற்கப்பட்ட டிவிடி பெட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க முறையான என்.ரி.எஸ்.சி.யையும் வாசிக்கும் என்பதால், அப்படிப்பட்ட கோப்பை அந்த முறையிலேயே செய்துவிடுங்கள். பழைய வீடியோ 4 இற்கு 3 என்ற வடிவம், புதியது 16 இற்கு 9. மாற்றிக் கொடுத்தால் எல்லோரும் கொழுத்தோ மெலிந்தோ தெரிவார்கள். கைத்தொலைபேசி வீடியோவில் படங்களின் வேகம் நடுவில் கூடிக் குறையும். அதனால் கடைசிப் பகுதியில் வாய் ஒரு நேரம், பேச்சு ஒரு நேரமாக வரலாம். ஆகவே பரிசோதிக்கும்போது முதல் ஐந்து நிமிடத்தோடு நிறுத்தாமல் கடைசி ஐந்து நிமிடத்தையும் பாருங்கள். கடையிலேயே, காசு கொடுக்க முன்னர், கணனியில் அல்லாமல் டிவிடி பெட்டியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் கோப்பை இறுவட்டில் வெறுமனே கொப்பி பண்ணிவிட்டு டிவிடி என்று கொடுக்கிறார்கள். பல பெட்டிகள் அதை வாசிக்காது.

மறுபக்கம், உங்கள் பெட்டியின் முகப்பில் டிவ்எக்ஸ் என்ற அடையாளமோ யூஎஸ்பி துளையோ இருந்தால் மாற்றும் வேலையே தேவைப்படாமல் போகலாம். கோப்பைப் பென்ட்ரைவில் போட்டுக் கொழுவிப் பாருங்கள். ஓடினால் அதுதான் உங்களிடமுள்ள உச்சத் தரம்.

இறுவட்டு வந்த கையோடு பழைய கோப்பை அழித்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கின்றது. அதைச் செய்யாதீர்கள். அந்தக் கோப்புத்தான் உங்களுடைய விதைநெல். டிவிடி பார்ப்பதற்கு, கோப்பு வைத்திருப்பதற்கு. வீட்டில் எழுதும் இறுவட்டின் சாயம் வெய்யிலுக்கும் வெக்கைக்கும் மங்கும். தகரக் கூரைக்குக் கீழே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே வைத்த இறுவட்டுகள் சில வருடங்களில் வாசிக்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன். உறையில் போட்டு, வெளிச்சம் படாத பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். மேலே பேனையால் அழுத்தி எழுதவோ கடதாசி ஒட்டவோ வேண்டாம். கோப்பின் பிரதி ஒன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும், முடியுமானால் வேறொரு ஊரிலும்.

ஐயாவின் புதிய டிவிடியை அவருடைய வீட்டிலேயே போட்டுக் காட்டினோம். படம் சின்னது, தொலைக்காட்சியில் சற்று மங்கலாகத்தான் தெரிந்தது. பந்திக் காட்சி வந்தது. மகன் வாளியோடு வந்தான், யாரோ கூப்பிடத் திரும்பினான், சிரித்தான். தாய் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஓம், இப்பிடித்தான். ஒரு பக்கத்தால சிரிப்பான்" என்றார். மறுபடியும் போடச் சொன்னார். களத்தில் வைத்திருந்த சூடும், அதற்குப் பின்னால் வயலும் ஒரு கணம் வந்து போயின. வயல் களி பூசின மாதிரித்தான் இருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகளுக்கு ஒன்று, கொழும்பிலுள்ள மைத்துனருக்கு ஒன்று என்று மேலும் இரண்டு பிரதிகள் கேட்டார் ஐயா. விசிடிகளை இனி இங்கே அனுப்பிவிடட்டுமா என்று தங்கை தொலைபேசியில் கேட்டபோது வேண்டாம் என்றார். அவை இரண்டும் பிரான்சில், அதே சூட்கேசுக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.